வாசகர் கேள்வி–பதில்: கைவேலைப் பொருளும் கைப்பேசிச் சந்தையும்

கையால் செய்த பொருள்களைச் சமூக ஊடகங்களின் வழியாக விற்பது குறித்த ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் பெண்கள் எழுதியவை. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓலைப் பொருள்களை முடைந்து விற்று வருபவள் என்ற முறையில், எனக்குப் பட்டறிவு உள்ளவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து பனையோலைக் கொட்டான்கள் (சிறு ஓலைக் கூடைகள்) முடைகிறோம். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆறாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். சென்ற மாதம் நாங்கள் போட்ட ஒரு ரீல்ஸை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் அதனால் வந்த ஆர்டர் மூன்றே மூன்று. விலை கேட்பவர்களில் பாதிப் பேர் பதில் சொன்னதும் காணாமல் போகிறார்கள். எங்கே தவறுகிறோம்?
வாசகி, முதுகுளத்தூர்

பதில்: தங்கள் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். வேலைப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. கொட்டானின் ஓரக்கட்டு அவ்வளவு சீராக அமைய எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாங்கலாம் என்று ஒருவர் நினைக்கும் அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படும் செய்தி எதுவும் அங்கே இல்லை. இரண்டு லட்சம் பேர் பார்த்த அந்த ரீல்ஸில் பதினைந்து கொட்டான்கள் வரிசையாக நிற்கின்றன, ஒரு திரைப்பாட்டு ஒலிக்கிறது, அத்துடன் முடிந்துவிடுகிறது. அவை உள்ளங்கை அளவா, ஒரு படி அரிசி கொள்ளும் அளவா என்பதுகூடத் தெரியவில்லை. வண்ணம் அழகாக இருந்ததால் பார்த்தார்கள், அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

ஒரு கொட்டானை எடுத்துக்கொண்டு, அதற்குள் தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, ஒரு ரவிக்கைத் துணி என்று ஒவ்வொன்றாக வைத்துக் காட்டுங்கள். வளைகாப்புக்குத் தாம்பூலம் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, ‘ஆறு அங்குல அகலம்’ என்ற எழுத்தைவிட அந்தத் தேங்காய் அதிகம் சொல்லும். அங்குலக் கணக்கையும் எழுதத்தான் வேண்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதன் பிறகு கொட்டானைத் திருப்பி, அடிப்புறத்தையும் ஓலை முனைகள் சேரும் இடத்தையும் காட்டுங்கள். கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் அதைத் திருப்பித்தான் பார்க்கிறார்; கைப்பேசியில் அவருக்காக நாம்தான் திருப்ப வேண்டும். ஈரம் பட்டால் என்ன ஆகும், வெயிலில் வைத்தால் சாயம் எவ்வளவு வெளுக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதைப் படித்து விலகுகிறவர், வாங்கிய பின் குறைப்பட்டுக்கொள்ளக் கூடியவர்.

விலையைப் படத்தோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸில் வரவும்’ என்று எழுதினால் விசாரணைகளின் எண்ணிக்கை கூடும், ஆர்டர் கூடாது. அத்தனை பேருக்கும் பதில் எழுதும் நேரத்தில் இரண்டு கொட்டான் முடைந்திருக்கலாம். கேட்டவர்களில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள் என்றால், அவர்கள் தங்கள் விலைக்கு உரிய வாடிக்கையாளர்களாகத் தொடக்கத்திலிருந்தே இருக்கவில்லை என்பதுதான் பொருள்.

இனி, யாருக்காகப் பதிவிடுகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். கொட்டானை ஒன்று இரண்டாக வாங்குபவர் வேறு, நூறு நூற்றைம்பதாக வாங்குபவர் வேறு. திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, நவராத்திரிக் கொலு ஆகியவற்றுக்குத் தாம்பூலம் கொடுப்பவர்களும், பலகாரங்களை ஓலைப் பெட்டியில் வைத்து விற்கும் கடைக்காரர்களும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு இவர்களில் பலர் ஓலைக்கும் நாருக்கும் திரும்பினார்கள். என் தொழில் நிலைகொண்டதே அந்த ஆண்டில்தான். இவர்களுக்கான பதிவை விசேஷத்துக்கு முந்தைய வாரத்தில் போட்டுப் பயனில்லை. தை முகூர்த்தங்களுக்கான பேச்சு கார்த்திகையிலேயே தொடங்கிவிடுகிறது, ஆவணிக்கான பேச்சு ஆனியில் தொடங்குகிறது. அந்த மாதங்களில் தங்கள் பக்கத்தில் தாம்பூலக் கொட்டானே திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். பதிவின் எழுத்தில் ‘தாம்பூலக் கொட்டான்’ என்ற சொல்லோடு ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ என்பதையும் சேருங்கள், ஏனென்றால் இன்று பலரும் அந்தச் சொல்லைக்கொண்டுதான் தேடுகிறார்கள்.

ஆனால் பெரிய ஆர்டரைத் தேடிப் போகும் முன், எவ்வளவு செய்ய முடியும் என்ற கணக்கை நால்வரும் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது இதுதான். வீட்டு வேலை போக ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கொட்டான் என்று வைத்துக்கொண்டால் நால்வருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. 150 கொட்டானுக்குப் பதின்மூன்று நாள் ஆகும். குருத்தோலை வாங்கி, காயவைத்து, ஈர்க்கு நீக்கி, கிழித்து, சாயத்தில் போட்டு எடுக்க ஐந்து நாள். கூரியருக்கு நான்கு நாள். இருபத்திரண்டு நாள் வருகிறது என்றால் வாடிக்கையாளரிடம் முப்பது நாள் என்று சொல்லுங்கள். அந்த மாதத்துக்கு இன்னும் எத்தனை ஆர்டர் எடுக்க முடியும் என்பதைப் பக்கத்தின் முகப்பிலேயே எழுதிவையுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், திருமணத்துக்காக 300 மூடிப் பெட்டிகளை இருபது நாளில் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஒரு பதிவுக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் மழையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. சரியாகக் காயாத ஓலையில் முடைந்த பெட்டிகளைக் கட்டுவதற்காக எடுத்தபோது, மூடியின் உட்புறத்தில் சாம்பல் தூவியதுபோலப் பூசணம் பூத்திருந்தது. தேறாதவை எண்பது, திருமணத்துக்கு மீதமிருந்தது நான்கே நாள். மணப்பெண்ணின் தாயாரை அழைத்து உண்மையைச் சொல்லி, எண்பது பெட்டிக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்து, 220 பெட்டிகளை மட்டும் அனுப்பினேன். அவர் கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுபடி என்னிடம் எதையும் வாங்கவும் இல்லை. அன்று முதல் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ‘மழைக்காலம், 50 பெட்டிக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை’ என்ற அறிவிப்பு என் பக்கத்தின் தலைப்பில் இருக்கும்.

கேள்வி: பாய் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். நெய்யும் முறையை வீடியோவாகப் போடலாம் என்று தங்கை சொல்கிறாள். மற்றவர்கள் பார்த்துக் காப்பியடித்துவிடுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். ஏற்கெனவே இணையத்தில் விசைத்தறிப் பாயைப் பத்தமடைப் பாய் என்ற பெயரில் விற்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகர், பத்தமடை

பதில்: தங்கள் பெரியவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன், ஒரு வேலையின் நுணுக்கம் பரம்பரையின் சொத்து. ஆனால் ஒரு நிமிட வீடியோவைப் பார்த்துக் கோரையை நூல்போலக் கிழிக்க யாராலும் கற்றுக்கொள்ள முடியாது. மறைத்துவைப்பதால்தான் விசைத்தறிப் பாய்க்கும் தங்கள் மெல்லிய கோரைப் பட்டுப்பாய்க்கும் உள்ள வேறுபாடு வாங்குபவருக்குத் தெரியாமல் போகிறது. வேறுபாடு தெரியாதவர் விலை குறைந்ததை வாங்குவது இயல்புதானே?

ஆகவே காட்டுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைப்பது, அதை நீரில் ஊறப்போடுவது, ஊறிய கோரையைக் கத்தியால் மெல்லிய இழைகளாகப் பிளப்பது, நீளவாக்கில் கட்டிய பருத்தி நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுங்கள். கோரையைப் பிளக்கும் அந்தக் கையை மிக அருகில், பாட்டு எதுவும் இல்லாமல், கத்தி இழுபடும் ஓசையோடு பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு சாதாரணப் பாயையும் தங்கள் பாயையும் அருகருகே வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு நூல் ஓடுகிறது என்று குண்டூசியால் எண்ணிக் காட்டுங்கள். மெல்லிய பாயைத் துணிபோல மடித்துக் கைக்குள் அடக்கிக் காட்டுங்கள். மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் பழைய வழக்கம் தங்கள் ஊருக்கு உண்டு. ஒரு பெயர் எழுத்து எழுத்தாகத் தறியில் உருவாவதைக் காட்டும் படம், அந்தக் குடும்பத்தின் உறவினர் அனைவரின் கைப்பேசிக்கும் தானாகவே போய்ச் சேரும்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குறியீட்டைப் பதிவு பெற்ற உரிமைதாரருடன், அதிகாரம் பெற்ற பயனாளர் என்று பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளர்களும் பயன்படுத்தலாம். தாங்கள் இன்னும் பதிவு செய்யவில்லையென்றால், சங்கத்தின் வழியாகவோ நேரடியாகவோ சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு விண்ணப்பியுங்கள். பதிவு கிடைத்த பின் அதைப் பக்கத்தின் அறிமுகத்தில் எழுதுங்கள். போலியாக விற்பவரின் பதிவுக்கடியில் சண்டையிடாதீர்கள். அந்தந்தத் தளத்தில் உள்ள முறையீட்டு வசதியின் வழியாகப் புகார் கொடுங்கள். பதிவு பெற்றவரின் புகாருக்கு வலு அதிகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: விசைத்தறிப் பாய் நெய்பவரும் உழைத்துத்தான் பிழைக்கிறார், அவர் தம் பாயைத் தம் ஊர்ப் பெயரில் விற்கும்வரை நமக்கு அவரோடு வழக்கு எதுவும் இல்லை. பெயரைத் திருடுவதுதான் வழக்கு.

கேள்வி: டெரகோட்டா நகைகள் செய்கிறேன். ஒரு செட் 250 ரூபாய். ‘இதே மாதிரி மொத்தக் கடையில் 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது’ என்று கமெண்டில் எழுதுகிறார்கள். விலையைக் குறைப்பதா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: குறைக்க வேண்டாம், கூட்ட வேண்டியிருக்கும். தாங்கள் கடிதத்தில் தந்திருக்கும் விவரங்களைக்கொண்டே கணக்கிட்டுப் பார்த்தேன். களிமண், வண்ணம், கொக்கி, நூல் எல்லாம் சேர்ந்து 55 ரூபாய். சுடுவதற்கான பங்கு 15, அட்டைப்பெட்டியும் உள்ளே வைக்கும் காகிதமும் 25, உடைந்து போகிறவற்றுக்கு ஒதுக்க வேண்டியது 20. ஆக 115 ரூபாய். மீதி 135. ஒரு செட்டுக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குத் தங்களுக்குக் கிடைப்பது நாற்பது ரூபாய்க்கும் குறைவு. படமெடுப்பது, பதில் எழுதுவது, கூரியர் அலுவலகத்துக்கு நடப்பது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. மணிக்கு அறுபது ரூபாய் என்று வைத்தாலே ஒரு செட்டின் விலை 325 ஆகிவிடுகிறது.

வீட்டில் இருந்து செய்வதுதானே என்று நம் நேரத்துக்கு நாமே விலை போடாமல் விடுவது பெண்கள் நடத்தும் தொழில்களில் நான் எங்கும் காணும் குறை. அது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. கமெண்டில் எழுதுகிறவருக்கு ஒரே ஒரு முறை, மரியாதையாக, ‘இது அச்சில் வார்த்தது இல்லை, கையால் வடித்தது, தங்கள் புடவையின் வண்ணத்துக்கு ஏற்பச் செய்து தருவேன்’ என்று விடை எழுதுங்கள். அந்த விடை அவருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை; அந்தப் பக்கம் வந்து பேசாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் பலர். 325 ரூபாய் கொடுக்க இயலாதவருக்காக ஜிமிக்கியை மட்டும் தனியாகக் குறைந்த விலையில் வையுங்கள். அதே செட்டுக்கு ‘கடைசி விலை’ என்று ஒன்று சொல்லத் தொடங்கிவிட்டால், முழு விலை கொடுத்தவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

கேள்வி: வீட்டில் குப்பைமேனி சோப்பு, நலங்குமாவு செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். படை, சொரியாசிஸ் குணமாகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். அதை விளம்பரத்தில் போடலாமா?
வாசகி, தாம்பரம்

பதில்: போடக் கூடாது. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்பது சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். 1954ஆம் ஆண்டு முதலே மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இருக்கிறது. அதைவிட முன்னதாக ஒன்றைக் கவனியுங்கள்: விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க, 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படியும் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படியும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். ‘வீட்டில் செய்தது’, ‘இயற்கையானது’ என்பதற்காக விலக்கு இல்லை. தனியாக உரிமம் பெறுவது கடினமென்றால், உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம் தங்கள் பக்குவத்தைக் கொடுத்துச் செய்து வாங்கித் தங்கள் பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கான நடைமுறையையும் அதே அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அதுவரை விளம்பரத்தை நிறுத்திவைப்பதே நல்லது. பிறர் தோலில் படும் பொருள் இது.

கேள்வி: பணம் கட்டி, பதிவை இன்னும் அதிகம் பேருக்குக் காட்டும்படி ‘பூஸ்ட்’ செய்தால் விற்பனை கூடுமா? ஒரு பிரபலமான யூடியூபர் எங்கள் பைகளைக் காட்ட எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். எது நல்லது?
வாசகி, கரூர்

பதில்: இரண்டுக்கும் முன்னதாகச் செலவில்லாத ஒன்றை முழுமையாகப் பயன்படுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்தியாவில் 2018 முதல் கிடைக்கிறது. அதில் தங்கள் பைகளைப் படம், விலை, அளவோடு பட்டியலாக வைத்துவிட்டால், கேட்பவருக்குப் பத்துப் படங்களை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களைத் தனி ‘பிராட்காஸ்ட்’ பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்த்து ஒரே நேரத்தில் செய்தி அனுப்பலாம், ஆனால் தங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்திலும், ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் புதிய பைகளை ஸ்டேட்டஸில் பார்க்கலாம்’ என்று கையால் எழுதிய ஒரு சீட்டை வையுங்கள். என் விற்பனையில் பாதிக்கு மேல் இப்படி மறுபடி வருகிறவர்களால்தான் நடக்கிறது.

பூஸ்ட் செய்வதானால், ஏற்கெனவே தானாக ஆர்டர் கொண்டுவந்த பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கண்டுகொள்ளாத பதிவுக்குப் பணம் போட்டால் இன்னும் அதிகம் பேர் கண்டுகொள்ளாமல் போவார்கள், அவ்வளவுதான். நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில், செய்தி அனுப்புவதைத் தேர்ந்தெடுங்கள். நாடு முழுவதையும் குறிக்காமல், தங்கள் பை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும் இரண்டு மூன்று நகரங்களைக் குறியுங்கள். நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் ஏழு நாளுக்கு 1,400 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்தால் 1,652. அதில் முப்பத்தைந்து பேர் விசாரித்து ஐந்து பேர் வாங்கினார்கள் என்றால், ஓர் ஆர்டரைக் கொண்டுவர ஏறத்தாழ 330 ரூபாய் செலவாகியிருக்கிறது. ஒரு பையில் தங்களுக்கு நிற்பது 150 ரூபாய் என்றால் அது நட்டம். அந்த ஐவரில் இருவர் மூன்று மாதத்துக்குள் மறுபடி வாங்கினால் கணக்கு மாறும். இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால்தான் தெரியும். ஆகவே எழுதிவைக்கத் தயாராக இருந்தால் மட்டும் பூஸ்ட் செய்யுங்கள்.

யூடியூபரைப் பொறுத்தவரை, எட்டாயிரம் ரூபாய் என்பது தங்கள் அளவில் பெரிய தொகை. அவர் காட்டிய வேறு சிறு தொழில்காரர் இருவரை அழைத்து, எத்தனை ஆர்டர் வந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். கைத்தொழில் செய்பவர்கள் இதை மறைப்பதில்லை. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு காட்டும்போது அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் நெறிமுறை வகுத்திருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023இல் இதையே வலியுறுத்தியது. குறிப்பிட மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள். எட்டாயிரம் பின்தொடர்வோர் மட்டுமே உள்ள, ஆனால் தையலையும் புடவையையும் பற்றியே பேசும் ஒரு பெண்மணிக்கு ஒரு பையை அனுப்பிப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வது தங்களுக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பெங்களூருக்கும் மும்பைக்கும் ஆர்டர் வருகிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் அனுப்பலாமா?
வாசகி, மானாமதுரை

பதில்: வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் விற்றுமுதல் எவ்வளவாயினும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அரசு அறிவிக்கையில் பட்டியலிடப்பட்ட, பெரும்பாலும் கையால் செய்யப்படும் கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பான் எண் வைத்துக்கொண்டு, மின்வழிச் சீட்டுடன் (இ-வே பில்) அனுப்பினால் பதிவு தேவையில்லை. இந்த விலக்கு தாங்களே தங்கள் பக்கத்தின் வழியாக விற்பதற்கு. பெரிய விற்பனைத் தளங்களில் சேர்ந்து விற்பதற்கு விதி வேறு. அவற்றின் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்கள், முழுப் பதிவு இல்லாமல், சேர்க்கை எண் பெற்று விற்க 2023 அக்டோபர் முதல் வழி செய்யப்பட்டிருக்கிறது. தங்கள் பொருள் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை ஒரு கணக்காளரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள்.

கேள்வி: இராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எங்களிடம் 60 பொம்மைகள் ஆர்டர் கொடுத்தார். பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, ரகசிய எண்ணைப் போடச் சொன்னார். போட்டதும் எங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. பேராசையால் ஏமாந்தோம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
வாசகி, விளாச்சேரி

பதில்: பேராசை எதுவும் இல்லை, அம்மா. வந்த ஆர்டரை ஏற்றுக்கொள்வது தொழில். குற்றம் ஏமாற்றியவருடையது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். யுபிஐயில் ரகசிய எண்ணைப் போடுவது பணம் கொடுப்பதற்கோ கணக்கு இருப்பைப் பார்ப்பதற்கோ மட்டுமே. பெறுவதற்கு அது ஒருபோதும் தேவைப்படாது. இனி யார் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும், வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே பொட்டலம் கட்டுங்கள். மொத்த ஆர்டருக்குப் பாதித் தொகையை முன்பணமாகப் பெறும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. வயர்க்கூடை பின்னுவேன். பேத்தி எனக்காகப் பக்கம் தொடங்கித் தந்திருக்கிறாள். முகத்தைக் காட்டிப் பேசினால்தான் விற்கும் என்கிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கட்டாயம் பேச வேண்டுமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: கட்டாயம் இல்லை, அக்கா. முகத்தைக் காட்டுவது நல்லதுதான். யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிந்தால் வாங்குபவருக்கு ஒரு நெருக்கம் வரும். ஆனால் விருப்பமில்லாமல் பேசும் பேச்சில் அந்தக் கூச்சம் மட்டுமே தெரியும். கைகளைக் காட்டுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் நேராக விழாத சன்னலோரம் உட்காருங்கள். பேத்தியின் கைப்பேசியை இரண்டு பெரிய டப்பாக்களின் மேல் பலகை வைத்துத் தங்கள் தோள் உயரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். மடியும் கூடையும் மட்டும் தெரியட்டும். பின்னும்போது வழக்கமாக என்ன பேசுவீர்களோ அதையே பேசுங்கள்: இந்த முடிச்சுக்கு என்ன பெயர், யாரிடம் கற்றீர்கள், இந்தக் கூடை எத்தனை கிலோ காய்கறி தாங்கும் என்பவற்றை. கைப்பிடியைக் கட்டி முடித்த பின், ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துத் தூக்கிக் காட்டுங்கள். வளையல் ஓசை கேட்டால் கேட்கட்டும். அதை நீக்க வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிடுங்கள்.